15-ஆ, 21-ஆ? சமையலறையில் ஒரு விஸ்கிச் சோதனை

மூன்று கிளாஸ்கள். இரண்டில் 15 ஆண்டு விஸ்கி, ஒன்றில் 21 ஆண்டு விஸ்கி. அல்லது இரண்டில் 21, ஒன்றில் 15. நிறம் தெரியாது. ஆல்கஹால் அளவு மூன்றிலும் ஒன்றே, ஊற்றிய அளவும் ஒன்றே. இதில் எது தனி என்று சொல்ல வேண்டும். நீண்ட நாள் இழுத்த இந்த வேலை ஒருவழியாக ஒரு நிலைக்கு வந்துவிட்டது. ஆல்கஹால் 20 சதவீதமாக இறங்கும் வரை நீர் சேர்த்து முகர்ந்தால் தனி கிளாஸைத் திரும்பத் திரும்பச் சரியாகச் சொல்ல முடிகிறது. 40 சதவீதத்தில் வாயில் வைத்துப் பார்த்தால் அந்தத் தெளிவு வரவில்லை. நான் எதிர்பார்த்தது இதற்கு நேர்மாறாக இருந்தது. அதனால் செய்த முறையை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

நான் இருப்பது ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில். இங்கே எந்தக் கடைக்குப் போனாலும் அலமாரியில் 12, 15, 18, 21 என்று வயதைச் சொல்லும் எண்கள். எண் ஏற ஏற விலையும் ஏறுகிறது. லேபிளைப் பார்க்காமல் அந்த எண்ணைக் குடிப்பவர் கண்டுகொள்ள முடியுமா, முடிந்தால் எதை வைத்து என்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

முதலில் எந்த விஸ்கியை எடுப்பது என்ற கேள்வி. ஒரு வடிசாலையின் 12-ஐயும் இன்னொன்றின் 18-ஐயும் பக்கத்தில் வைத்தால் வயதை ஒப்பிட முடியாது. வடித்த சாராயம் வேறு, பீப்பாய் வேறு, ஒன்றில் பீட் என்ற மக்கிய தாவர மண்ணை எரித்த புகை வாசனை இருக்கும், இன்னொன்றில் இருக்காது. ஒரே இடத்தில் வடித்து, ஒரே மாதிரிப் பீப்பாயில் கிடந்து, வயதில் மட்டும் வேறுபடும் சரக்கு வேண்டும். அப்படித் தேடித்தான் கிளென்ஃபார்க்ளாஸுக்கு வந்தேன். ஸ்பேசைட் என்ற விஸ்கிப் பகுதியில், பென் ரின்னஸ் மலையடிவாரத்தில் இருக்கும் வடிசாலை. 1865-லிருந்து கிராண்ட் குடும்பத்தின் கையில் இருக்கிறது. இன்றும் கொதிகலன்களுக்கு அடியில் நேரடியாக நெருப்பு எரித்து வடிக்கிறார்கள். ஷெர்ரி என்ற ஸ்பெயின் நாட்டு ஒயின் இருந்த பீப்பாய்தான் அவர்களுடைய அடையாளம். கேரமல் சேர்த்து நிறம் கூட்டுவதில்லை. ஸ்காட்ச் விதிகள் அந்த நிறத்தைச் சேர்க்க இடம் தருகின்றன, பல பெரிய பெயர்கள் சேர்க்கவும் செய்கின்றன. எனக்கு அது இல்லாத ஒன்றுதான் வேண்டியிருந்தது. 10, 15, 21 என்று மூன்று புட்டிகள்.

லேபிளில் இருக்கும் எண் உள்ளே கலந்திருப்பதில் மிக இளைய விஸ்கியின் வயது. 15 என்று போட்ட புட்டியில் 18 ஆண்டுப் பீப்பாயும் கொஞ்சம் இருக்கலாம், 14 ஆண்டு ஒரு சொட்டுகூட இருக்கக் கூடாது. புட்டியில் அடைத்த பிறகு எத்தனை வருடம் அலமாரியில் நின்றாலும் அது வயதில் சேராது. விலை ஏறுவதற்கு ஒரு நேரடிக் காரணமும் உண்டு. ஸ்காட்லாந்துக் குளிரில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகப் போய்விடும். அந்தக் கணக்குப்படி 100 லிட்டர் போட்டு வைத்தால் 15 ஆண்டில் 74 லிட்டர்தான் மிஞ்சும், 21 ஆண்டில் 65.

செலவுக்கு வருகிறேன். நான் வாங்கிய கடையில் 10 ஆண்டு 40 பவுண்டு, 15 ஆண்டு 70-க்குப் பக்கம், 21 ஆண்டு 130. நண்பர்களோடு சேர்ந்து நாலு பேராகப் பங்கு போட்டோம், ஆளுக்கு 60 பவுண்டு. கிளென்கெய்ர்ன் கிளாஸ் மூன்று, ஒன்று 7 பவுண்டு. அடியில் அகன்று வாயில் ஒடுங்கும் இந்த கிளாஸ் 2001-ல் வந்தது, செய்கிறவர்கள் இங்கே பக்கத்தில் ஈஸ்ட் கில்பிரைடில்தான் இருக்கிறார்கள். ஆவியை வாய்ப்பகுதியில் குவித்துத் தருவதில் சாதாரண டம்ளர் இதன் பக்கத்தில் வராது, இந்தச் செலவில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பிள்ளைகளுக்கு மருந்து கொடுக்கும் 10 மி.லி. சிரிஞ்ச் இரண்டு, மருந்துக்கடையில் 2 பவுண்டு. கருநிற 150 மி.லி. கண்ணாடிப் புட்டிகள் ஒரு டஜன், 12 பவுண்டு. சிவப்பு பல்பு ஒன்று, 5 பவுண்டு. மூட மூன்று சின்னத் தட்டு, துப்ப ஒரு கோப்பை, ஒரு பகடைக்காய். இதெல்லாம் வீட்டிலேயே இருந்தன.

தண்ணீருக்குத் தனியாகச் செலவு இல்லை. கிளாஸ்கோ குழாய்களில் கேட்ரின் ஏரித் தண்ணீர்தான் வருகிறது. மிக மென்மையான தண்ணீர், உப்புச் சுவையே கிடையாது. குளோரின் வாசனை போக வடிகட்டி ஜாடியில் ஊற்றி எடுத்துக்கொண்டேன்.

முதல் சுற்றில் புட்டியில் வந்தபடியே, நீர் சேர்க்காமல், மூன்றையும் லேபிள் மறைத்து ஊற்றினேன். நண்பர்கள் வந்திருந்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கேயே பல வருடமாக இருக்கும் தம்பி ஒருவர் ஒரு கிளாஸைத் தூக்கி, "அண்ணை, இதுதான் வயசு கூடினது. தொண்டையில பிடிக்கேல்லை, சும்மா இறங்குது" என்றார். மற்றவர்களும் தலையாட்டினார்கள். மூடியைத் திருப்பிப் பார்த்தால் அது 10 ஆண்டு.

காரணம் லேபிளிலேயே இருந்தது. 10 ஆண்டு 40 சதவீதம், 15 ஆண்டு 46 சதவீதம், 21 ஆண்டு 43 சதவீதம். நாங்கள் எல்லோரும் வயதைத் தேடுவதாக நினைத்துக்கொண்டு ஆல்கஹால் எரிச்சலைத்தான் அளந்துகொண்டிருந்தோம். எரிச்சல் குறைந்ததற்கு "நல்லா முத்தின சரக்கு" என்று பெயர் வைத்துவிடுகிறோம். பழைய விஸ்கி என்றால் வழவழப்பு என்ற பேச்சு எவ்வளவு தூரம் வெறும் சதவீதக் கணக்கு என்று அன்றுதான் உறைத்தது. பழைய புட்டிகளில் பல 40-லும் 43-லும் வருகின்றன. அவை மெதுவாக இறங்குவதில் வயதுக்கு எவ்வளவு பங்கு, தண்ணீருக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துப் பார்க்காமல் மதிப்பெண் போடுவதில் அர்த்தமே இல்லை.

சரி, அளவைச் சமப்படுத்த வேண்டும். கணக்கு எளிது. இருக்கும் சதவீதத்தை வேண்டிய சதவீதத்தால் வகுத்து, எடுத்த அளவால் பெருக்கினால் மொத்த அளவு வரும். 15 ஆண்டில் 60 மி.லி. எடுத்து 40-க்கு இறக்க 60 × 46 ÷ 40 = 69. ஆகவே 9 மி.லி. நீர். 21 ஆண்டுக்கு 60 × 43 ÷ 40 = 64.5, நீர் 4.5 மி.லி. ஆல்கஹாலும் நீரும் கலக்கும்போது மொத்த அளவு கொஞ்சம் சுருங்கும். அது இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால் இந்த வேலைக்கு அதைப் பொருட்படுத்தத் தேவையில்லை.

விஸ்கித் தொழிலில் கலவை செய்கிறவர்கள் பெரும்பாலும் குடித்துப் பார்ப்பதில்லை, 20 சதவீதம் அளவுக்கு நீர் சேர்த்து முகர்கிறார்கள். அதனால் 20-க்கும் ஒரு தொகுதி கலந்தேன். 15 ஆண்டு 60 மி.லி.க்கு 78 மி.லி. நீர், 21 ஆண்டு 60 மி.லி.க்கு 69 மி.லி. நீர்.

கிளாஸிலேயே நேராகக் கலந்தால் இரண்டு துப்புகள் வெளியே தெரிந்துவிடும். ஒன்று மட்டம்: 20 மி.லி. ஊற்றி நீர் சேர்த்தால் 15 ஆண்டு கிளாஸ் 46 மி.லி. நிற்கும், 21 ஆண்டு 43. கண் அதைப் பிடித்துக்கொள்ளும். இன்னொன்று சூடு: நீர் சேர்த்தவுடன் கலவை லேசாக வெதுவெதுப்பாகும், கையில் எடுத்தால் தெரியும். ஆகவே முதல் நாள் இரவே சிறு புட்டிகளில் கலந்து, மூடி, குறியீடு ஒட்டி வைத்துவிட வேண்டும். மறுநாள் சிரிஞ்சால் ஒவ்வொரு கிளாஸிலும் 20 மி.லி. விட்டால் மட்டமும் சூடும் ஒன்றாகிவிடும்.

நிறத்தை மறைப்பதில்தான் அதிக நேரம் போனது. பல சோதனைக்கூடங்களில் நீலக் கண்ணாடிக் கோப்பை வைத்திருப்பார்கள். கிளாஸைக் கறுப்பு இன்சுலேஷன் டேப்பால் சுற்றிப் பார்த்தேன். நிறம் மறைந்தது, ஆனால் கிளாஸைச் சூடான உள்ளங்கையில் பிடித்ததும் பசை வாசனை மேலே வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது. அலுமினியத் தாளுக்கு வாசனை இல்லை, அதுவே சரியாக இருந்தது. மேலே இருந்து எட்டிப் பார்த்தால் நிறம் தெரியும் என்பதற்காகத்தான் சிவப்பு பல்பு. அந்த வெளிச்சத்தில் தங்க நிறமும் காப்பி நிறமும் ஒன்றுபோலத்தான் தெரியும். இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால் நிறம் பொல்லாத வஞ்சகன். புதிதாக ஷெர்ரி வைத்து எடுத்த பீப்பாயில் சில வருடம் கிடந்தாலே விஸ்கி கறுத்துவிடும். பலமுறை பயன்படுத்திய பீப்பாயில் 25 வருடம் கிடந்தாலும் வைக்கோல் நிறத்தைத் தாண்டாமல் இருக்கலாம். கறுப்பைப் பார்த்ததும் மூளை உலர்திராட்சை வாசனையைத் தானாகவே உண்டாக்கிக்கொள்கிறது.

கிளாஸ் கழுவுவதிலும் கவனம் வேண்டும். சோப்பு வேண்டாம், வெந்நீர் போதும். துணியால் துடைக்காமல் காற்றில் உலர விட வேண்டும். அலமாரியில் கவிழ்த்து வைத்திருந்தால் உள்ளே பலகை வாசனை தங்கிவிடும், எடுத்ததும் வெறும் கிளாஸை ஒருமுறை முகர்ந்து பார்ப்பது நல்ல பழக்கம். நேரமும் முக்கியம். எங்கள் வீட்டில் தாளிப்பு ஆரம்பித்துவிட்டால் பெருங்காயமும் கறிவேப்பிலையும் மாலை வரை அறையில் நிற்கும். ஆகவே காலை 11 மணி, அடுப்பு பற்ற வைப்பதற்கு முன்னால். குளிர்காலத்தில் அறை 16 டிகிரிக்குப் போனால் வாசனை எழும்பாது, ஹீட்டரை முன்கூட்டியே போட்டு 20-க்குக் கொண்டுவந்துவிடுவோம்.

இனி மூன்று கிளாஸ் சோதனை. இரண்டு ஒன்று, மூன்றாவது வேறு. இதை வரிசைப்படுத்த ஆறு வழிகள்தான் உண்டு: தனியாக இருப்பது 15-ஆகவோ 21-ஆகவோ இருக்கலாம், அது முதலிலோ நடுவிலோ கடைசியிலோ நிற்கலாம். பகடைக்கும் ஆறு முகம். ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு வரிசை எழுதி, என் மனைவி பகடையை உருட்டி ஊற்றுவார், விடையைத் தாளில் மடித்து வைப்பார். ஊற்றுகிறவர் பிறகு அறையை விட்டுப் போய்விட வேண்டும். அவர் முகத்தைப் பார்த்தே விடை தெரிந்துவிடும் என்பது அனுபவம்.

கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைக் கைகாட்டினாலும் மூன்றில் ஒரு முறை சரியாக வரும். அதனால் ஒரு முறை சரியாகச் சொன்னதை வைத்து ஒன்றும் முடிவு செய்யக் கூடாது. 6 முறையில் 5 அல்லது 6 சரி என்பதை எல்லையாக வைத்தேன். வெறும் அதிர்ஷ்டத்தில் அப்படி நடக்க நூற்றுக்கு 2 வாய்ப்புகூட இல்லை. எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய முடியாது. மூக்கு களைத்துவிடும். 40 சதவீதத்தில் மூன்று கிளாஸ், கிளாஸுக்கு 20 மி.லி. என்றால் உள்ளே 24 மி.லி. சுத்த ஆல்கஹால் இருக்கிறது. அதை முழுங்கிக்கொண்டே அடுத்த சுற்றுக்குப் போனால் மதிப்பீடு என்று ஒன்று மிஞ்சாது. துப்பும் கோப்பை அலங்காரத்துக்கு வைப்பதல்ல.

40 சதவீதத்தில் வாய்ச் சுவையை மட்டும் வைத்து என்னால் எல்லையைத் தொட முடியவில்லை. எரிச்சல் சமமானதும் 15-க்கும் 21-க்கும் நாக்கில் இருந்த இடைவெளி பாதியாகச் சுருங்கிவிட்டது. ஒரே ஒரு இடத்தில்தான் பிடி கிடைத்தது: முழுங்கின பிறகு. 15 ஆண்டில் திராட்சை இனிப்பு அரை நிமிடம் போல நின்று மங்கும். 21 ஆண்டில் இனிப்பு சீக்கிரம் விலகி, கொட்டைப்பாக்கை மென்றதுபோல ஒரு துவர்ப்பு கன்னத்தின் உட்பக்கம் ஒட்டிக்கொண்டு ஒரு நிமிடத்தை நெருங்கும். ஓக் மரத்திலிருந்து இறங்கியது அது. துப்பினால் இந்தக் கடைசிப் பகுதி பலவீனமாகிவிடுகிறது, முழுங்கினால் அடுத்த கிளாஸ் கெடுகிறது. இந்த முட்டுக்கட்டைக்கு என்னிடம் நல்ல தீர்வு இல்லை. ஒவ்வொரு கிளாஸிலும் ஒரு சிறு மிடறு மட்டும் முழுங்கி, நடுவில் ஐந்து நிமிடம் விட்டு, உப்பில்லாத பிஸ்கட்டும் தண்ணீரும் எடுத்துக்கொள்வதோடு நிறுத்திக்கொண்டேன்.

20 சதவீதத்தில் முகர்ந்தபோது கதை மாறிவிட்டது. ஆல்கஹாலின் குத்தல் போய்விடுகிறது, மூக்கை கிளாஸுக்குள் நன்றாக விட்டே முகரலாம். ஊற்றியவுடன் மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் இருந்தன. தட்டால் மூடிப் பதினைந்து நிமிடம் வைத்துத் திறந்தபோது வித்தியாசம் தானாகவே வெளியே வந்து நின்றது. 15 ஆண்டில் உலர்திராட்சை, ஆரஞ்சுத் தோல், கொஞ்சம் கிராம்பு. அரை மணி கழித்தும் அதேதான். 21 ஆண்டில் பழம் பின்னால் போய், வால்நட் பருப்பும் பதப்படுத்திய தோலும் முன்னால் வந்தன. அரை மணியில் பழைய மரப்பெட்டியைத் திறந்த வாசனையும், அடியில் கருப்பட்டியும். ஒரே கிளாஸ், நேரம் போகப் போக வேறு வேறு ஆளாக மாறிக்கொண்டிருந்தது. எனக்கு வயது என்பது இங்கேதான் தெரிந்தது. இந்த நகர்வைக் கணக்கில் எடுக்காமல், ஊற்றி இரண்டு நிமிடத்தில் மதிப்பெண் போட்டால் 21 ஆண்டுக்குச் செய்கிற அநியாயம் அது.

இதில் என்னைவிடத் தெளிவாகச் சொன்னவர் என் மனைவி. அவர் மது குடிப்பதில்லை. ஒருநாள் ஊற்றும் வேலையை என்னிடம் கொடுத்துவிட்டு, "ஏங்க, குடிக்கணும்னு இல்லையே, மோந்து பார்த்தா போதும்தானே" என்று உட்கார்ந்தார். வரிசையாக முகர்ந்துவிட்டு நடுக்கிளாஸைத் தள்ளி வைத்து, "இதுல மட்டும் பழைய பீரோ வாசனை வருது" என்றார். சரியாக இருந்தது. எல்லையை முதலில் தாண்டியது அவர்தான். விஸ்கி பழக்கம் இல்லாத மூக்குக்கு எதிர்பார்ப்பு எதுவும் இல்லை, மசாலாவைப் பிரித்தறியும் பழக்கம் மட்டும் இருக்கிறது. அவர் செய்த இன்னொரு மாற்றமும் பெரிய உதவி: உலர்திராட்சை, பேரீச்சை, கிராம்பு, ஜாதிக்காய், ஆரஞ்சுத் தோல், வால்நட், கருப்பட்டி என்று சின்னக் கிண்ணங்களில் பக்கத்தில் வைத்தார். விஸ்கியை முகர்ந்து, கிண்ணத்தை முகர்ந்து, மறுபடி விஸ்கிக்கு வரும்போது "ஏதோ இனிப்பா இருக்கு" என்ற மங்கல் போய் வாசனைக்குப் பெயர் கிடைக்கிறது. இந்தக் கிண்ணங்கள் வந்த பிறகுதான் எனக்கும் எல்லை கைக்கு வந்தது.

மதிப்பெண் தாளில் 100-க்கு இத்தனை என்பதை எடுத்துவிட்டேன். 87-க்கும் 89-க்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று எனக்கே சொல்லத் தெரியாதபோது அந்த எண்ணால் பயன் இல்லை. இப்போது எழுதுவது நான்குதான்: ஊற்றியதும் வாசனை, பதினைந்து நிமிடத்தில் வாசனை, அரை மணியில் வாசனை, முழுங்கிய பின் எவ்வளவு நேரம் எந்தச் சுவை நிற்கிறது. கடைசிக்கு கைப்பேசி ஸ்டாப்வாட்ச்.

இதை வைத்து என் தீர்ப்பு: 21 ஆண்டு அதிகம் பேசுகிறது, ஆனால் அதன் பேச்சைக் கேட்க அரை மணி வேண்டும், 43 சதவீதத்துக்கும் கீழே இறக்க நீர் வேண்டும். அவசரமாக ஒரு கிளாஸ் என்றால் 46 சதவீதத்தில் புட்டியிலிருந்து வந்த 15 ஆண்டுதான் நிறைவாக இருக்கிறது, பாதி விலைக்கு. 21 ஆண்டின் துவர்ப்பு இன்னும் கொஞ்சம் கூடினால் எனக்குப் பிடிக்காது. மரம் விஸ்கியை மிஞ்சும் எல்லைக்கு மிக அருகில் அது நிற்கிறது, அதனால்தான் சுவாரஸ்யமாகவும் இருக்கிறது. 10 ஆண்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 20 சதவீதத்தில் மால்ட் தானிய வாசனை முன்னால் வந்துவிடுகிறது, எளிதாகப் பிரித்துவிடலாம்.

மிஞ்சியதைச் சேமிக்கும் விஷயம். பாதி காலியான புட்டியில் காற்று நிறைய இருக்கும், மாதக்கணக்கில் வைத்தால் மேல் வாசனைகள் மங்கிவிடும். ஆகவே 21 ஆண்டின் பாதியை முதல் நாளே 150 மி.லி. புட்டிகளில் கழுத்து வரை நிரப்பி மூடிவிட்டேன். நீர் கலந்த தொகுதியை இரண்டு மூன்று நாளுக்கு மேல் நம்புவதில்லை. பெரிய புட்டியை எப்போதும் நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும். ஒயின்போலப் படுக்க வைத்தால் இவ்வளவு ஆல்கஹால் கார்க்கை அரித்துவிடும்.

அடுத்த முறை மாற்றப்போவது: மூன்று கிளாஸ் போதாது, ஆறு வாங்க வேண்டும், கழுவி உலர விடும் நேரம் சோதனையைப் பாதியில் அறுக்கிறது. 1 மி.லி. சிரிஞ்ச் ஒன்றும் வேண்டும், 4.5 மி.லி.யை 10 மி.லி. சிரிஞ்சில் நிதானமாக அளப்பது கண்ணுக்கு வேலை. கிண்ணங்களில் ஒரு துண்டு பழைய தோல் பெல்ட்டும், ஓக் சீவலும் சேர்க்கப்போகிறேன்.

அதோடு ஒரு சந்தேகத்தையும் தீர்க்க வேண்டியிருக்கிறது. நான் பிடித்தது ஆண்டையா, மரத்தையா? பெங்களூரு வெப்பத்தில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஆவியாகிறது, மரமும் அதற்கேற்ப வேகமாக இறங்குகிறது. அங்கே சில ஆண்டுகளிலேயே விஸ்கி இங்கத்திய நடுத்தர வயதுபோல நடந்துகொள்ளும் என்கிறார்கள். பெங்களூரு வடிசாலையான அம்ருத் தன் சிங்கிள் மால்ட்டை (ஒரே வடிசாலையில் முளைகட்டிய பார்லியில் வடித்த விஸ்கி) 2004-ல் முதலில் கொண்டுவந்து வைத்ததே இந்தக் கிளாஸ்கோவில்தான். அவர்களுடைய இன்டர்மீடியட் ஷெர்ரி என்ற விஸ்கிக்கு ஷெர்ரிப் பீப்பாயும் உண்டு, கிளென்ஃபார்க்ளாஸ் பக்கத்தில் வைக்கத் தோதானது. அது 57.1 சதவீதம். 20-க்கு இறக்க 60 மி.லி.க்கு 111 மி.லி. நீர். என் 150 மி.லி. புட்டியில் அது கொள்ளாது, அதனால் 50 எடுத்து 93 சேர்ப்பதாக இருக்கிறேன். முதலில் முகர்வது மனைவிதான் என்று முடிவாகிவிட்டது. அந்தச் சுற்றுக்கு மட்டும் பகடை உருட்டும் வேலையும் ஊற்றும் வேலையும் யாழ்ப்பாணத் தம்பிக்கு.